குடிச்சது நான்தாங்க

இதை எழுதச் சொன்னது அமராவதி அம்மா. பதினெட்டு வருஷம் ரிஜிஸ்டர் எழுதிய கைக்குக் கதை எழுதுகிற ஆசையெல்லாம் வராது. ஆனால் அந்த அம்மா ஒரு நாள் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்று, “சார், வாயால சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க. நீங்க எழுத்துல எழுதுங்க. எல்லாம் உங்களாலதானே வந்துச்சு?” என்றார். கடைசி வாக்கியம் உண்மை. அதனால் எழுதுகிறேன்.

நான் பழனிவேல். சிதம்பரம் தெற்கு வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இருந்த குடிபோதை மறுவாழ்வு மையத்தில் கிளார்க். வருகிறவர்களுக்குப் பெயர் எழுதி மஞ்சள் அட்டை போட்டுக் கொடுப்பது என் வேலை. கூட்டம் ஜாஸ்தி. அதனால் நான் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். கணவனும் மனைவியுமாக வந்தால் யார் குடிகாரர் என்று கேட்க மாட்டேன். வேட்டி கட்டியவர் பேஷண்ட், சேலை கட்டியவர் அழுகிறவர். பதினெட்டு வருஷத்தில் குடிக்கிற பெண்கள் ஏழெட்டுப் பேர்தான் வந்திருக்கிறார்கள். அவர்களும் தனியாக வந்தார்கள், அல்லது தங்கையோடு வந்தார்கள்.

2009 ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை சிங்காரமும் அமராவதியும் வந்தார்கள். சிங்காரம் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. கண் இரண்டும் சிவந்திருந்தது. அமராவதி அம்மா தலையில் கனகாம்பரம், கையில் ஒயர் கூடை, இடது ஆள்காட்டி விரலில் பெரிய கட்டு. அடித்திருக்கிறான் பாவி என்று அப்போதே மனசுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டேன்.

“பேரு?” என்றேன், அவரைப் பார்த்து.

“சிங்காரம்.”

“வயசு?”

அவர் வாயைத் திறந்து, மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா தரையைப் பார்த்தார்.

“அம்பத்தொண்ணு,” என்றார் சிங்காரம்.

“எத்தன வருஷமா?”

“மூணு வருஷமா.”

“தினமுமா?”

“சாயங்காலமானா.”

“என்ன சரக்கு?”

அவர் திரும்பி, “என்னா அது?” என்று மனைவியிடம் கேட்டார். “பிராந்தி,” என்றார் அந்த அம்மா, காதில் விழாத குரலில். தான் என்ன குடிக்கிறோம் என்றே தெரியாத அளவுக்கு முற்றிய கேஸ் என்று நினைத்து, அட்டையில் சிவப்பு மையால் அடிக்கோடு போட்டுக் கொடுத்தேன்.

பத்து நிமிஷத்தில் கவுன்சிலர் வித்யாலட்சுமி கதவைத் திறந்துகொண்டு வந்தார். இருபத்தாறு வயசுப் பெண். கோபம் வந்தால் அறுபது வயசு ஹெட்மிஸ்ட்ரஸ் போலிருக்கும்.

“பழனிவேல் சார், பேஷண்ட் யாருன்னு கேட்டீங்களா?”

“இதுல கேக்க என்னம்மா இருக்கு?”

“அவரு காப்பிகூட குடிக்கிறதில்ல. குடிக்கிறது அந்த அம்மா.”

நான் புது அட்டை எழுதிக் கொடுத்தேன். பழைய அட்டையைத் திரும்ப வாங்கிக் கிழித்திருக்க வேண்டும். வாங்கவில்லை. அது சிங்காரத்தின் சட்டைப் பையிலேயே கடலூருக்குப் போய்விட்டது. இந்தக் கதை முழுக்க அந்த அட்டையின் கதைதான்.

அமராவதி அம்மா திருப்பாதிரிப்புலியூரில் ஜாக்கெட் தைக்கிறவர். கடைத்தெருவில் ஒரு சின்ன ரூம், ஒரு தையல் மெஷின், ஒரு ஆள் உயரக் கண்ணாடி. அவர் தைத்த ஜாக்கெட் முதுகில் ஒரு சுருக்கம் இருக்காது என்று மஞ்சக்குப்பம் ஆபீஸ் பெண்களெல்லாம் அங்கேதான் வருவார்கள். ஒரே மகள். அந்தப் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போனபோது, பிள்ளை பெற்ற உடம்புக்கு நல்லது என்று அவருடைய அம்மா ஒரு மூடி பிராந்தி கொடுத்திருக்கிறார். இருபத்திரண்டு வருஷம் கழித்து மகளைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்து அனுப்பிய வாரம், மெஷினில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு கழன்றுபோகிற மாதிரி வலித்தபோது, அந்த மூடி ஞாபகம் வந்திருக்கிறது. முதலில் மூடிதான். அப்புறம் டம்ளர்.

வாங்குவதற்கு அவர் கண்டுபிடித்த வழியைக் கேட்டு வித்யாலட்சுமியே நோட்டை மூடி வைத்துவிட்டுச் சிரித்தார். லைனிங் துணி வாங்கப் பாண்டிச்சேரி போவார். திரும்பும்போது செக்போஸ்டில் போலீஸ்காரர் பஸ்ஸில் ஏறி ஆம்பளைகளின் பையை மட்டும் உதறுவார். அமராவதி அம்மா லைனிங் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, “சீக்கிரம் பாருங்க சார், வீட்ல அடுப்பு வேலை கெடக்குது,” என்று போலீஸையே விரட்டுவார். மூட்டைக்குள் நாலு குவார்ட்டர்.

வியாபாரம் எப்படிப் போனது என்றால், ஒரு டீச்சரின் ஜாக்கெட்டைச் சுற்றிச் சுற்றித் தைத்து, உள்ளே நுழைய வழியே இல்லாமல் செய்துவிட்டார். அந்த டீச்சர் அதைத் தலையணை உறையாகப் போட்டுக்கொண்டாராம். இன்னொரு நாள் ஊசி விரலையும் சேர்த்துத் தைத்துவிட்டது. கட்டுப் போட்ட டாக்டர் வாசனை பிடித்து, கல்லீரலைச் சோதித்து, இப்படியே போனால் இரண்டு வருஷம் தாண்டாது என்று சொல்லிவிட்டார். அப்போதுதான் சிங்காரத்துக்கு விஷயமே தெரிந்தது. மூன்று வருஷமாக வீட்டில் அடித்த வாசனையை அவர் இடுப்புவலித் தைலம் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

சிங்காரம் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். அதைவிடப் பெரிய பதவி ஒன்று அவருக்கு உண்டு. வள்ளலார் வழி நடக்கிற ஒரு சின்னச் சங்கத்தில் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றுவார்கள். பதினைந்து வருஷமாகக் கஞ்சிக் கரண்டி அவர் கையில். ஒரு கை அளவு மாறாமல், ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றுவார். அந்தக் கரண்டி அவருக்குக் கலெக்டர் நாற்காலி மாதிரி.

வித்யாலட்சுமி கண்டிஷனாகச் சொல்லிவிட்டார். “பன்னண்டு சனிக்கிழமை. ரெண்டு பேரும் சேர்ந்து வரணும். சார் வரலேன்னா இந்த முறை நடக்காது. முன்னாடி வந்த பெண்கள் ஒருத்தரோட புருஷனும், கூப்பிட்டும் வரல. அந்தப் பெண்களும் மூணாவது வாரம் வரல.”

வெளியே நான் டீக்கடைக்காரரிடம், ரெண்டாவது வாரம் இந்த ஆள் வந்தால் என் மீசையை எடுத்துவிடுகிறேன் என்றேன். ரெண்டாவது வாரம் ஒன்பது மணிக்குத் திறக்கிற மையத்துக்கு எட்டேகாலுக்கே வந்து படியில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வாரம் முழுக்க நான் அந்தப் பக்கம் டீ குடிக்கப் போகவில்லை.

வைத்தியம் என்னவென்றால் இவ்வளவுதான். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு இருவரும் எதிரெதிரே உட்கார வேண்டும். மனைவி, “இன்னிக்கு நான் குடிக்கல. நாளைக்கும் குடிக்க மாட்டேன்,” என்று சொல்ல வேண்டும். கணவன், “நன்றி,” என்று சொல்லி காலண்டரில் ஒரு டிக் போட வேண்டும். பழைய கதையைத் தோண்டக் கூடாது. தினம் ஒருவரைப் பற்றி ஒருவர் ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். வாரத்துக்கு ஒரு தடவை இரண்டு பேரும் சேர்ந்து எங்காவது வெளியே போய் வர வேண்டும்.

“நன்றியா?” என்றார் சிங்காரம். “பொண்டாட்டிக்கா?”

“ஏன் சார்? சொன்னா என்ன?”

“அது கூட்டத்துல கடைசியா சொல்றதாச்சேம்மா. நன்றின்னு சொன்னா அடுத்து எல்லாரும் எழுந்து போயிடுவாங்க.”

எவ்வளவு சொல்லியும் அந்தச் சொல் அவர் வாயில் வரவில்லை. முதல் வாரம் “ம்” என்றார். ரெண்டாவது வாரம் “ஆகட்டும்.” மூன்றாவது வாரம், வித்யாலட்சுமி முறைத்ததால், கை கூப்பிக் கும்பிட்டார். “இவரு தினம் என்னைய கும்புடுறாரும்மா, நான் என்னமோ செத்துப்போன மாதிரி இருக்குது,” என்று அமராவதி அம்மா புகார் சொன்னார்.

காலண்டர் விஷயம் அதைவிட அழகு. அவர் டிக் போட்டது தேதி கிழிக்கிற காலண்டரில். மறுநாள் காலையில் எழுந்ததும் பக்தியாகக் கிழித்துப் போட்டுவிடுவார். முதல் வாரம் ஆதாரம் என்று கேட்டபோது காலண்டர் அட்டையும் ஆணியும்தான் மிஞ்சியிருந்தன. அடுத்த வாரம் கிழித்த தாள்களைக் குண்டூசி குத்திக் கொண்டுவந்தார். அதில் ஒன்றில் விபூதி மடித்திருந்தது.

நல்ல வார்த்தை சொல்வதில் அமராவதி அம்மாவும் ஒன்றும் லேசுப்பட்டவர் இல்லை. அவர் எழுதி வந்த பட்டியலை நான் டைப் அடித்திருக்கிறேன். “திங்கள்: இன்று குறட்டை கம்மி. செவ்வாய்: என் புடவையை மிதிக்கவில்லை. புதன்: இவர் கெட்டவர் இல்லை.” சிங்காரம் தன் பட்டியலில் ஏழு நாளும் “சாம்பாரில் உப்பு இருந்தது” என்று எழுதியிருந்தார். அது பாராட்டா குறையா என்று வித்யாலட்சுமி அரை மணி நேரம் விசாரணை நடத்தினார்.

வெளியே போகச் சொன்னதற்குத் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்குப் போனார்கள். நடுவில் இன்னும் இரண்டு பேர் உட்காரலாம் போல இடம் விட்டு உட்கார்ந்து, சுண்டலைத் தின்று, என்ன பேசுவது என்று தெரியாமல் சிங்காரம் அலைகளை எண்ணியிருக்கிறார். நூற்றுப் பத்து வந்ததும் அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நூத்திப் பதினொண்ணு,” என்றாராம் அவரும். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் இரண்டு பேரும் சேர்ந்து செய்த முதல் வேலை அதுதான் என்றார் என்னிடம்.

நாலாவது வாரம் அட்டை விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை கஞ்சி அண்டாவைக் கிளறக் குனிந்தபோது, பையிலிருந்து நழுவி, சங்கச் செயலாளர் சபாநாயகத்தின் காலடியில் போய் விழுந்தது. பெயர் சிங்காரம். வயது ஐம்பத்தொன்று. தினமும் மாலை. பிராந்தி. என் கையெழுத்து அச்சுப் போல இருக்கும், அதுவும் சிவப்பு அடிக்கோடோடு.

சபாநாயகம் படித்தார். இன்னொரு தரம் படித்தார். “சிங்காரம், உடம்பு தேறுற வரைக்கும் கரண்டிய நான் புடிச்சிக்கிறேன்,” என்று மெதுவாகச் சொல்லி, கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்ப் பந்தியில் உட்கார வைத்து, அவருக்கே ஒரு தட்டில் கஞ்சி ஊற்றினார். ஊற்றியதில் பாதி சிந்திவிட்டது. சிங்காரம் மறுக்காமல் குடித்துவிட்டு வந்தார்.

அதோடு தெரு முழுக்க அவருக்கு டாக்டர் ஆகிவிட்டது. பால்காரர் மோர் குடிக்கச் சொன்னார். ஸ்டோர்ஸில் கூட வேலை செய்கிறவர், நானும் அப்படித்தான் இருந்தேன் மச்சான் என்று கண்கலங்கினார். இதற்கெல்லாம் மேலே வந்தவர் சிங்காரத்தின் அக்கா ராசம்மாள். அவர் யார் சொல்லையும் கேட்கிற ஆள் இல்லை. நேராக விருத்தாசலம் பக்கத்தில் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்ப் பிராது கட்டிவிட்டார். அந்தக் கோயிலில் குறையைச் சாமிக்கு மனுவாக எழுதி, மேல்விலாசத்தோடு கட்டிவிட்டு வரலாம். தொண்ணூறு நாளுக்குள் சாமி தீர்த்து வைக்கும் என்பது நம்பிக்கை. தீர்ந்ததும் போய் மனுவை வாபஸ் வாங்க வேண்டும். “என் தம்பி சிங்காரம் பிராந்தி குடிப்பதை நிறுத்த வேண்டும்” என்று எழுதி, சாமிக்குச் சந்தேகம் வரக்கூடாது என்று சபாநாயகத்திடம் எங்கள் மஞ்சள் அட்டையை வாங்கி அதன் ஜெராக்ஸையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்.

கட்டிவிட்டு, காவலுக்குத் தம்பி வீட்டிலேயே தங்கிவிட்டார். அமராவதி அம்மாவுக்குக் கொடுத்த சத்து மாத்திரையை, “புருஷன் மாத்திரைய நீ ஏண்டி வச்சினுக்கிற?” என்று பிடுங்கித் தினமும் தம்பி வாயில் போட்டார். மனைவி அவருக்குத் தெரியாமல் வேறு மருந்துச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. சிங்காரம் நாலு கிலோ ஏறினார்.

ஆறாவது சனிக்கிழமை அவர்கள் எட்டேகாலுக்கு வரவில்லை. ஒன்பதுக்கும் வரவில்லை. வித்யாலட்சுமி இரண்டு தடவை வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு உள்ளே போனார். முடிந்தது என்று நினைத்தேன். பத்தரைக்கு வந்தார்கள். அக்காவுக்குத் தெரியாமல் கிளம்ப முடியவில்லையாம்.

அன்றைக்கு அமராவதி அம்மா உட்காரவே இல்லை. என் மேஜைக்கு முன்னாலேயே வெடித்துவிட்டார். “போதும்ங்க. நான் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். கரண்டியும் போச்சு, பேரும் போச்சு. சாமிகிட்ட வேற பொய்க் கேசு. நான் குடிச்சதுக்கு நீங்க ஏன் கஞ்சிக்கு உக்காரணும்?”

“சொல்லி?” என்றார் சிங்காரம். “ஆம்பள குடிச்சா புத்தி சொல்லுவாங்க. பொம்பள குடிச்சான்னு தெரிஞ்சா உன் கடப் படி ஏறுவாங்களா? நீ ரூம்ல தனியா உக்காந்திருப்ப. அப்புறம் திரும்ப லைனிங் வாங்கக் கெளம்பிடுவ.”

அந்த அம்மா கூடையை என் மேஜை மேல் வைத்தார்.

“கையக் காட்டு,” என்றார் சிங்காரம். அந்த அம்மா நீட்டினார். நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம். முதல் நாள் ஒயர் கூடையின் காது சடசடவென்று ஆடும்படி நடுங்கிய கை, ஆடாமல் நின்றது. “இது நிக்குதில்ல? கரண்டிய யாரு புடிச்சா என்னா,” என்றார் அவர்.

நான் ரிஜிஸ்டரில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். என் பதினெட்டு வருஷ சர்வீஸில் அப்படி ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. அந்த ஆளைத்தான் முதல் நாளே பாவி என்று எழுதினேன்.

பன்னிரண்டு வாரமும் வந்தார்கள். ஒரு சனி தவறவில்லை. டாக்டர் மறுபடி சோதித்துவிட்டுக் கல்லீரல் தேறி வருகிறது, இனி ஒரு சொட்டும் கூடாது என்றார். டீச்சருக்குப் புது ஜாக்கெட் போனது, கை நுழையவும் தலை நுழையவும் வழியோடு. ராசம்மாள் வெற்றிகரமாகப் பிராதை வாபஸ் வாங்கினார். சங்கத்தில் அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிங்காரத்துக்குத் திரும்பக் கரண்டி கொடுப்பதென்று முடிவாகி, எங்கள் மையத்துக்கும் அழைப்பு வந்தது. வித்யாலட்சுமிக்கு அன்று வேறு வேலை. நான் போனேன்.

சபாநாயகம் பொன்னாடை போர்த்தினார். குடிப்பழக்கத்தை வென்ற மாமனிதர் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். சிங்காரம் பொன்னாடைக்குள் கோழிக்குஞ்சு மாதிரி குறுகி நின்றார். அப்போது அமராவதி அம்மா எழுந்தார். சிங்காரம் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. அந்த அம்மா பார்க்கவே இல்லை.

“எல்லாரும் மன்னிக்கணும். இவரு ஒரு சொட்டு குடிச்சதில்ல. குடிச்சது நான்தாங்க. மூணு வருஷமா நான்தான் குடிச்சேன். வைத்தியமும் எனக்குத்தான் நடந்துச்சு. எனக்காக இவரு பேரக் கெடுத்துக்கிட்டாரு. கடைக்கு வர்றவங்க வாங்க, வராதவங்க போங்க.”

முன் வரிசையில் அந்த டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“பாத்தியா,” என்றார் பக்கத்தில் இருந்தவரிடம். “புருஷன் மானத்தக் காப்பாத்த, பழிய தன் தலையில போட்டுக்கிறாங்க.”

அவ்வளவுதான். கூட்டம் உருகிவிட்டது. ராசம்மாள் ஓடிவந்து கட்டிப்பிடித்து, “என் தம்பி குடிகாரப் பய, அவனுக்கு இப்பேர்ப்பட்ட மகராசியா!” என்று ஓவென்று அழுதார். “நான் பொய் சொல்லல அண்ணி! கடவுள் சத்தியமா பிராந்தி!” என்று அந்த அம்மா கத்தக் கத்த, அழுகை கூடியது. நான் எழுந்து, “நான்தான் அந்த அட்டை எழுதின கிளார்க், தப்பா எழுதிட்டேன்,” என்றேன். சபாநாயகம் எனக்கும் ஒரு துண்டு போர்த்தி, பேஷண்டை விட்டுக் கொடுக்காத நல்ல அதிகாரி என்றார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

சிங்காரம் கஞ்சி ஊற்றினார். ஒரு சொட்டு சிந்தவில்லை.

சாயங்காலம் காப்பி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். அமராவதி அம்மா கோபத்தில் டபராவை நங்கென்று வைத்தார். மூன்று மாசம் சேர்த்து வைத்த தைரியத்தை ஒரு ஜனம் நம்பவில்லை என்றால் யாருக்குத்தான் வராது. “திங்கக்கெழமைக்கு மட்டும் பதினாலு ஜாக்கெட்டு வந்திருக்குது சார். பத்தினி கையால தைக்கணுமாம்,” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

மணி ஆறடித்தது. பன்னிரண்டு வாரம் முடிந்தாலும் பழக்கம் விடவில்லை. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நடுவில் ராசம்மாள் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

“இன்னிக்கு நான் குடிக்கல,” என்றார் அமராவதி அம்மா. “நாளைக்கும் குடிக்க மாட்டேன்.”

சிங்காரம் கும்பிடக் கை தூக்கினார். அதற்குள் ராசம்மாள் அந்தக் கையில் ஓர் அடி வைத்தார். “என்னாடா முழிக்கிற? அவ சொல்லிக் குடுக்கிறா இல்ல? வாயத் தொறந்து கூடச் சொல்லுடா!”

சிங்காரம் அக்காவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். “இன்னிக்கு நான் குடிக்கல. நாளைக்கும் குடிக்க மாட்டேன்.”

முறைப்படி எதிரில் இருப்பவர் பதில் சொல்ல வேண்டும். அமராவதி அம்மாவின் உதடு துடித்தது. சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை.

“நன்றிங்க,” என்றார்.

“ரொம்ப நன்றி,” என்றார் சிங்காரமும். எண்பத்தைந்து நாளாக வராத சொல், அவர் வாயிலிருந்து தானாக வந்து விழுந்தது.

“அவனுக்கு எதுக்குடி நன்றி, குடிகாரப் பயலுக்கு,” என்று ராசம்மாள் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார்.

டிக் போட இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. அதனால் நான் பேனாவை எடுத்துக்கொண்டு போய்க் காலண்டரில் அன்றைய தேதியில் ஒரு டிக் போட்டேன். யாருக்கு என்று எழுத அதில் இடம் இல்லை. நல்லவேளை, இருந்திருந்தால் அதையும் நான் தப்பாகத்தான் எழுதியிருப்பேன்.